தண்டையார்பேட்டையில் 37 டிகிரிதான்... அப்புறம் ஏன் ராத்திரியெல்லாம் வேகுது? வட சென்னை கோடையைப் புரிந்துகொள்வது எப்படி?

கோடை வந்துவிட்டால் சென்னையில் எல்லோர் கண்ணும் ஒரு நம்பர் மேல்தான். "இன்னைக்கு எத்தனை டிகிரி?" மீனம்பாக்கத்தில் 40-ஐத் தாண்டினால் அது தலைப்புச் செய்தி. நுங்கம்பாக்கத்தில் 37-ல் நின்றுவிட்டால், "பரவாயில்லையே" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

ஆனால் அதே 37 டிகிரி நாளில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் போய்ப் பார்த்தால் நிலைமை வேறு. ராத்திரி பதினொரு மணிக்கும் வீட்டுச் சுவரில் கை வைத்தால் சூடு. ஃபேன் சுற்றுகிறது, வருவது அனல் காற்று. ஷீட் போட்ட வீட்டுக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ வந்துவிடுகிறார்கள்.

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் கோடைக்கால அறிக்கைகளில் அடிக்கடி ஒரு வரி வரும். வெப்பநிலையும் ஈரப்பதமும் அதிகமாக இருப்பதால் 'அசௌகரியம் ஏற்படலாம்' என்று. டிகிரியைப் பார்த்துவிட்டு பலரும் தாண்டிப் போய்விடும் வரி அது. வட சென்னைக்காரர்கள் முதலில் படிக்க வேண்டியதே அந்த வரிதான். ஏன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்த 37 டிகிரி எங்கே எடுத்தது?

'சென்னையில் இன்று 37 டிகிரி' என்று செய்தியில் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்துக் கணக்கு. ஒன்று நுங்கம்பாக்கம், இன்னொன்று மீனம்பாக்கம் விமான நிலையம். நுங்கம்பாக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. கிழக்கிந்திய கம்பெனி காலத்தில், 1792-லேயே அங்கே வானாய்வுக் கூடம் கட்டப்பட்டது. இன்றைய மண்டல வானிலை மையம் இயங்குவதும் அங்கேதான்.

வெப்பநிலை அளப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. திறந்த வெளியில், தரையிலிருந்து சுமார் நாலு அடி உயரத்தில், வெள்ளை பெயின்ட் அடித்த, காற்று புகுந்து போகும் மரப்பெட்டிக்குள் வெப்பமானியை வைப்பார்கள். வெயில் நேரடியாகப் படாது. உலகம் முழுக்க இப்படித்தான். இந்த ஊரையும் அந்த ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் சரியான வழி.

ஆக, 37 என்பது நிழலில், காற்றோட்டமான இடத்தில் இருக்கும் காற்றின் சூடு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் சூடு அல்ல. தார் ரோட்டில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி கேபினுக்குள் இருக்கும் சூடும் அல்ல.

எண்ணூர், மாதவரம் போன்ற இடங்களில் தானியங்கி வானிலை நிலையங்கள் வந்த பிறகு வட சென்னைக்கு நெருக்கமான கணக்கு கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் டிவியிலும் செல்போனிலும் முதலில் கண்ணில் படுவது நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும்தான்.

கடல் காற்று எத்தனை மணிக்கு? அதில்தான் விஷயமே இருக்கு

சென்னையின் கோடையைத் தீர்மானிப்பது சூரியன் மட்டும் கிடையாது. காற்றின் திசையும்தான்.

பகலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைக்கு மேலே இருக்கும் காற்று சூடாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்ப கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இதுதான் கடல் காற்று. இது வந்த அரை மணி நேரத்திலேயே வெப்பநிலை சில டிகிரி சட்டென இறங்குவதைப் பல நாட்களில் பார்க்கலாம்.

ஏப்ரலில் பிரச்சினை குறைவு. காற்று பொதுவாகவே தென்கிழக்கிலிருந்து, அதாவது கடல் பக்கமிருந்து வீசுகிறது. அதனால் கடல் காற்றும் நேரத்தோடு உள்ளே வந்துவிடும். மே பாதிக்கு மேல் நிலைமை மாறும். காலையிலிருந்தே மேற்குத் திசையிலிருந்து வறண்ட தரைக்காற்று பலமாக அடிக்கும். பழந்தமிழில் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு 'கோடை' என்றே பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

இந்த மேற்குக் காற்றுக்கும் கடல் காற்றுக்கும் தினமும் ஒரு மல்லுக்கட்டு நடக்கிறது. கடல் காற்று பன்னிரண்டு மணிக்கே ஜெயித்தால் அன்றைக்கு 36, 37-ல் முடிந்துவிடும். இரண்டு மணி, மூன்று மணி வரை மேற்குக் காற்று விட்டுக்கொடுக்காமல் நின்றால் 40, 41 என்று ஏறும்.

சென்னையில் பதிவான உச்சபட்ச வெப்பநிலையான 45 டிகிரி, 2003 மே மாதக் கடைசியில் பதிவானது. அந்த மே மாதத்தில் வங்கக்கடலில் உருவான ஒரு புயல் மியான்மர் பக்கம் போய்க் கரையைக் கடந்திருந்தது. இப்படிப் புயல் வடக்கே நகரும்போது வறண்ட தரைக்காற்றை நம் பக்கம் இழுத்துவிட்டு, கடல் ஈரத்தைத் தன்னோடு கொண்டுபோய்விடும். 'புயல் வருது, மழை வரும்' என்று காத்திருப்பவர்களுக்கு வெயில் வந்து சேர்வது இதனால்தான்.

அப்போ கத்திரி வெயில்? அக்னி நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் சொல்வது வழக்கமாக மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மே 28-ஐ ஒட்டி முடியும். வானிலைத் துறை இந்தக் கணக்கில் அறிவிப்பு வெளியிடுவதில்லை. சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். அதற்கப்புறம் தரை சூடேறி, மேற்குக் காற்றும் சேரும்போதுதான் வெயில் உச்சத்துக்குப் போகிறது. அது கத்திரி நாட்களோடு ஓரளவு பொருந்திப்போகிறது. ஆனால் 'கத்திரி முடிஞ்சுது, இனி தப்பிச்சோம்' என்பது சென்னைக்குச் சரிப்படாது. ஏன் என்று மழைப் பகுதியில் பார்ப்போம்.

கடலுக்குப் பக்கத்திலதானே இருக்கோம்... அப்புறம் என்ன?

நியாயமான கேள்வி. தண்டையார்பேட்டையின் பெரும்பகுதி கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நுங்கம்பாக்கம் நாலைந்து கிலோமீட்டர், மீனம்பாக்கம் சுமார் பத்து கிலோமீட்டர் உள்ளே. கடல் காற்று முதலில் தொடுவது காசிமேட்டையும் ராயபுரத்தையும்தான். அதனால் பகல் உச்ச வெப்பநிலை இங்கே மீனம்பாக்கத்தைவிடக் குறைவாக இருப்பது சகஜம்.

ஆனால் கடல் காற்று சும்மா வருவதில்லை. ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. மே மாதத்தில் வங்கக்கடலின் மேற்பரப்பே 30 டிகிரியை ஒட்டி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் மேல் தவழ்ந்து வரும் காற்றில் ஈரப்பதம் அதிகம்.

நம் உடம்பு தன்னைக் குளிர்விக்க வைத்திருக்கும் முக்கியமான வழி வியர்வை. வியர்வை வெளியே வந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். அது காயும்போதுதான் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டும், கசகசவென்று இருக்கும், சூடு மட்டும் இறங்காது. இதைத்தான் நாம் 'புழுக்கம்' என்கிறோம்.

இதை எண்ணிலும் சொல்லலாம். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து 'உடம்புக்கு எத்தனை டிகிரி மாதிரி இருக்கும்' என்று கணக்கிடும் வெப்பக் குறியீட்டு முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்க தேசிய வானிலைச் சேவை பயன்படுத்தும் சூத்திரத்தின்படி உதாரணத்துக்கு மூன்று கணக்கு:

• 40 டிகிரி வெப்பம், 25 சதவீத ஈரப்பதம்: உடம்பு உணர்வது சுமார் 41 டிகிரி
• 34 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம்: உடம்பு உணர்வது சுமார் 47 டிகிரி
• 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம்: உடம்பு உணர்வது சுமார் 38 டிகிரி

இரண்டாவது வரியைத் திரும்பப் படியுங்கள். டிவியில் 34 என்று வந்தால் யாரும் பயப்பட மாட்டோம். ஆனால் வறண்ட 40-ஐவிட இந்த ஈரமான 34 உடம்பை அதிகம் படுத்தும். இத்தனைக்கும் இது நிழலில் போட்ட கணக்கு. நேரடி வெயிலில் நின்றால் இன்னும் சுமார் 8 டிகிரி வரை கூடலாம் என்கிறது அதே அமைப்பு.

மூன்றாவது வரி ராத்திரிக்கானது. அடுத்து அதற்கு வருவோம்.

ராத்திரிதான் உண்மையான பிரச்சினை

பகலில் வெயில் எல்லோருக்கும் பொது. ராத்திரி அப்படியில்லை. அது நீங்கள் எந்த வீட்டில் படுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கான்கிரீட், செங்கல், தார் ரோடு எல்லாம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவைத்து, ராத்திரி மெதுவாக வெளியே விடும். மரமும் மண் தரையும் உள்ள இடத்தில் சூடு சீக்கிரம் ஆறிவிடும். வீட்டுக்கு வீடு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளில் அந்தச் சூடு போவதற்கு வழியில்லை. கடல் காற்று பக்கத்துத் தெரு வரை வந்தாலும் ஜன்னல் ஒரே பக்கம் இருக்கும் அறைக்குள் புகாது. போதாக்குறைக்கு ஏசி வைத்த வீடுகளும் கடைகளும் தங்கள் சூட்டைத் தெருவில்தான் தள்ளுகின்றன.

ஷீட் கூரை வீட்டின் கதை கொஞ்சம் வேறு. ஷீட் மெல்லிசானது என்பதால் சாயங்காலத்துக்கு மேல் சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் பகல் முழுக்க அந்த வீட்டுக்குள் உட்கார முடியாது. கான்கிரீட் தளமோ பகலில் கொஞ்சம் தாங்கும், ராத்திரி பழிவாங்கும். ஹவுசிங் போர்டு அடுக்குமாடியில் கடைசி மாடி வீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மே, ஜூனில் சென்னையின் குறைந்தபட்ச வெப்பநிலை 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அது விடியற்காலையில் வரும் எண். ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு அதைவிட அதிகம். தூக்கம் வர உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். அறைக்குள் சூடும் ஈரமும் நிறைந்திருந்தால் இறங்காது. பகலெல்லாம் திணறிய இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ராத்திரியாவது ஓய்வு வேண்டும். அது கிடைக்காமல் மறுநாள் வெயிலுக்குப் போனால் பாதிப்பு கூடிக்கொண்டே போகும். முதல் நாளைவிட மூன்றாவது, நாலாவது நாள் ஆபத்து அதிகமாவது இப்படித்தான்.

உலகம் இதை அனுபவித்துப் படித்திருக்கிறது. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோவில் கடும் வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்துகொண்டது, ராத்திரியிலும் சூடு இறங்கவில்லை. வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள், ஏசி வசதி இல்லாதவர்கள். வெயிலில் ரோட்டில் விழுந்து இறந்தவர்களைவிட, வீட்டுக்குள்ளேயே இறந்தவர்கள் அதிகம்.

இங்கே கரன்ட்டும் ஒரு முக்கியமான விஷயம். 2024 மே 2-ம் தேதி தமிழகத்தின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. ராத்திரி ஒரு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடித்து ஃபேன் நின்றால், ஏசி வீட்டுக்கு அது தொந்தரவு. கைக்குழந்தையும் வயதான அம்மாவும் இருக்கும் ஒற்றை அறை வீட்டுக்கு அது ஆபத்து.

அப்போ 'வெப்ப அலை' அறிவிப்பு ஏன் வருவதில்லை?

இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையை அறிவிக்க சில அளவுகோல்களை வைத்திருக்கிறது:

• சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் குறைந்தது 37 டிகிரி, மலைப்பகுதியில் குறைந்தது 30 டிகிரி இருக்க வேண்டும்
• அதோடு அது இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடியிருக்க வேண்டும்
• இயல்பு எதுவாக இருந்தாலும் 45 டிகிரியைத் தொட்டால் வெப்ப அலைதான்
• ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இப்படி இருக்க வேண்டும்

சென்னையில் மே மாத இயல்பே சுமார் 37. அதற்கு மேல் 4.5 என்றால் கிட்டத்தட்ட 41.5 டிகிரி, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து. கடல் காற்று எட்டிப் பார்க்கும் ஊரில் இது அடிக்கடி நடக்காது.

'வெப்ப இரவு' என்றும் ஒரு வகை உண்டு. ராத்திரி வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரி கூடினால் அந்தப் பெயர். ஆனால் பகல் வெப்பநிலை 40 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இந்தக் கணக்கையே எடுப்பார்கள். பகலில் 37, ராத்திரி முழுக்கப் புழுக்கம் என்ற வட சென்னையின் வழக்கமான கோடை இதற்குள் வராது.

துறையைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த அளவுகோல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்ப்பவை. இங்கே பிரச்சினை, இயல்பு நாளே கஷ்டமாக இருப்பது. 'வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த வானிலை' என்று துறை தனியாக எச்சரிக்கை தருவது இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பத்தான். அந்த அறிவிப்பு வரும்போது வெப்ப அலை அளவுக்கே அதை மதிக்க வேண்டும்.

40 டிகிரி இல்லாமலே உயிர் போகுமா? 2024 அக்டோபர் 6-ம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டோம். மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சி. லட்சக்கணக்கான கூட்டம். 5 பேர் உயிரிழந்தார்கள், ஏராளமானோர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். வெயிலும் நெரிசலும் தண்ணீர் கிடைக்காததும் காரணங்களாகப் பேசப்பட்டன. அது கோடையும் இல்லை, 40 டிகிரியும் இல்லை. கடற்கரையிலேயே நடந்தது.

அதே அக்டோபர் மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறப்பவர்களின் குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் நிவாரணம் கிடைக்க இது வழிசெய்கிறது. ஆனால் மரணத்துக்குக் காரணம் வெப்பம்தான் என்பது உறுதியாக வேண்டும். ராத்திரி வீட்டில் தூக்கத்தில் மாரடைப்பு வந்து இறந்த ஒரு முதியவரின் மரணத்தில் வெயிலின் பங்கு எவ்வளவு என்று யார் எழுதுவார்கள்? புழுக்கத்தின் பாதிப்பு கணக்கில் தெரியாமல் போவது இந்த இடத்தில்தான்.

வட சென்னையில் யாருக்கு ஆபத்து அதிகம்?

துறைமுகமும் தொழிற்சாலையும் உள்ள பகுதி என்பதால் இங்கே வேலையே வெளியில்தான், அல்லது அனல் பக்கத்தில்தான்.

• துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி டிரைவர்கள், கிளீனர்கள். கேபின் கொதிக்கும், வண்டியை விட்டு நகரவும் முடியாது
• சுமை தூக்குபவர்கள், கட்டட வேலைக்காரர்கள், தூய்மைப் பணியாளர்கள், டெலிவரி ஊழியர்கள்
• வெல்டிங், ஃபவுண்டரி, பாய்லர் பக்கத்தில் வேலை பார்ப்பவர்கள்
• காசிமேட்டில் மீன் காயவைக்கும், மீன் விற்கும் பெண்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வருமானம் குறையும் நாட்களும் வெயில் உச்சமும் ஒன்றாகவே வருகின்றன
• காற்றோட்டமில்லாத சமையலறையில் அடுப்போடு நிற்பவர்கள்
• வயதானவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள்

பகலில் வெளியே வேலை செய்து ராத்திரி வேகும் வீட்டில் படுப்பவர்களுக்கு இருபத்துநாலு மணி நேரத்தில் உடம்பு ஆறவே நேரமில்லை. இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள் இவர்கள்தான்.

சரி, மழை எப்போ?

ஜூன் 1-ஐ ஒட்டி கேரளாவில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். செய்தியில் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் குளிரும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. பருவமழை வலுப்பெறும்போது மேற்குக் காற்றும் வலுப்பெறும். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு இறங்கி நம் பக்கம் வரும். கடல் காற்று தாமதமாகும். அதனால்தான் கத்திரி முடிந்த பிறகும் ஜூனில் 40 டிகிரி வருகிறது.

ஆனால் ஜூன் இன்னொன்றையும் கொண்டுவருகிறது: வெப்பச்சலன மழை. சாயங்காலம் உள்ளே போகும் கடல் காற்றும் எதிரே வரும் மேற்குக் காற்றும் மோதும் இடத்தில் காற்று மேலெழும்பி இடிமேகம் உருவாகும். பெரும்பாலும் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் உருவாகி, மேல்காற்று தள்ளிக்கொண்டு வர, ராத்திரி சென்னைக்கு வந்து சேரும். ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்ப்பதும் உண்டு. 2023 ஜூன் 19 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் 15 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது.

இந்த மழைக்கு ஒரு குணம் உண்டு: ஒரு ஏரியாவில் கொட்டும், பக்கத்து ஏரியாவில் தூறலோடு போகும். 'அம்பத்தூர்ல செம மழை, இங்க ஒரு சொட்டு இல்ல' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். மூன்று நாள் முன்னாடியே 'தண்டையார்பேட்டையில் ஏழு மணிக்கு மழை' என்று யாராலும் சொல்ல முடியாது. வானிலை மையம் தரும் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான அறிவிப்புதான் இதற்குப் பயன்படும்.

மொத்தத்தில் வட சென்னையின் கோடை நாட்காட்டி இப்படி இருக்கும்:

• மார்ச் – ஏப்ரல்: கடல் காற்று சீக்கிரம் வரும். டிகிரி குறைவு, புழுக்கம் ஆரம்பம்
• மே: முதல் பாதி புழுக்கம், இரண்டாம் பாதியில் மேற்குக் காற்று, உச்ச வெப்பம்
• ஜூன்: பகலில் அனல், சில நாள் ராத்திரி இடிமழை
• ஜூலை – செப்டம்பர்: வெயில் இருக்கும், சாயங்கால மழை அடிக்கடி வரும். மழை இல்லாத நாளில் புழுக்கம் தொடரும்

முன்னறிவிப்பில் நாலு விஷயம் பாருங்க

1. குறைந்தபட்ச வெப்பநிலை. அதிகபட்சத்தை எல்லோரும் பார்க்கிறோம். 29, 30 என்று குறைந்தபட்சம் வந்தால் அது தூக்கம் கெடும் ராத்திரி.

2. ஈரப்பதம் அல்லது 'உணரும் வெப்பம்'. செல்போன் ஆப்களில் தனியாக வரும். 42, 43 என்று காட்டினால், மேலே 35 என்று இருந்தாலும் ஜாக்கிரதை.

3. காற்றின் திசை. மதியம் தாண்டியும் மேற்கு என்று காட்டினால் அன்றைக்கு அனல். கிழக்கு, தென்கிழக்கு என்றால் டிகிரி இறங்கும், புழுக்கம் ஏறும்.

4. எத்தனையாவது நாள். இதே நிலைமை மூன்று நாளாகத் தொடர்கிறது என்றால், வீட்டில் வயதானவர்கள் மேல் கூடுதல் கவனம் வேண்டும்.

வானிலைத் துறையின் 'மௌசம்' ஆப்பிலும் தமிழக அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப்பிலும் எச்சரிக்கைகள் வரும். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயார், சிவப்பு என்றால் உடனடி நடவடிக்கை.

உடம்பு சொல்லும் எச்சரிக்கை

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, அதிக வியர்வை, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது: இதெல்லாம் முதல் கட்டம். வேலையை நிறுத்தி, நிழலுக்கு வந்து, தண்ணீரோ ஓஆர்எஸ் கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். நீர்மோர், கூழ், இளநீர் நல்லது. ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் உப்பு, இளநீர் விஷயத்தில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உடம்பு நெருப்பாகச் சுடுகிறது, பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார், மயங்குகிறார் என்றால் அது வெப்பப் பக்கவாதம் எனப்படும் ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்றிருக்கலாம், வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. நிழலில் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸோ ஈரத்துணியோ வைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ராத்திரிக்கு: படுக்கும் முன் குளியல், ஈரத்துண்டோடு ஃபேன், சாயங்காலம் கடல் காற்று வந்ததும் ஜன்னல் கதவைத் திறந்துவிடுவது. மொட்டை மாடிக்கும் ஷீட்டுக்கும் சுண்ணாம்போ வெள்ளை பெயின்டோ அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியை ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். சிகாகோ சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான்.

இது வீட்டோடு முடியும் விஷயமா?

முடியாது. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் கடும் வெயிலில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக ஆய்வு சொன்னது. அதன் பிறகு 2013-ல் அந்த நகரம் தனக்கென்று வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. எத்தனை டிகிரியில் என்ன எச்சரிக்கை, எந்த மருத்துவமனை தயாராக வேண்டும், யாருக்கு யார் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதிவைத்தது. தெலங்கானா 2023-ல் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. சென்னை மாநகராட்சியும் 2023-ல் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. சிக்னல்களில் பச்சை நிழல்வலை, தண்ணீர்ப் பந்தல் எல்லாம் பகல் வெயிலுக்கு உதவுகின்றன.

ராத்திரிக்கு என்ன? தண்டையார்பேட்டை கேட்க வேண்டிய கேள்வி இது. மின்தடை முதலில் எங்கே சரிசெய்யப்படுகிறது? ஷீட் வீடுகளுக்கும் ஹவுசிங் போர்டு கடைசி மாடிக்கும் வெள்ளைக் கூரை வருமா? கோடை ராத்திரியில் முதியவர்களும் குழந்தைகளும் வந்து படுக்க, வார்டுக்கு ஒரு சமுதாயக் கூடம் ஃபேனோடும் தண்ணீரோடும் திறந்திருக்குமா? லாரிகள் காத்திருக்கும் இடத்தில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும் கிடைக்குமா? இதற்கெல்லாம் 45 டிகிரிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. 37 டிகிரியே போதுமான காரணம்.

அடுத்த முறை செய்தியில் 'சென்னையில் 37 டிகிரி' என்று வரும்போது அதோடு நிறுத்திவிடாதீர்கள். குறைந்தபட்சம் எத்தனை, ஈரப்பதம் எத்தனை, 'அசௌகரியம்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அன்றைக்கு ராத்திரிக்கான ஏற்பாட்டை சாயங்காலமே தொடங்கிவிடுங்கள்.